என் மகள் கண் மருத்துவர் அல்ல

2019 மார்ச்சில் என் மகளுக்கு இங்கே அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியைக் கும்பகோணத்திலிருக்கும் மாமனாரிடம் தொலைபேசியில் சொன்னேன். மின்வாரியத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. "என்ன பட்டம் மாப்பிள்ளை?" என்று கேட்டார். டி.ஓ. என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "கண் டாக்டருக்கா படிக்கப் போறா?" என்றார்.

அவர் மீது தவறில்லை. நம் ஊரில் எம்.பி.பி.எஸ்., டி.ஓ. என்று பெயர்ப்பலகை தொங்கினால், உள்ளே இருப்பவர் கண் மருத்துவத்தில் பட்டயம் பெற்றவர் என்றுதான் பொருள். அமெரிக்காவில் அதே இரண்டு எழுத்து, ஆஸ்டியோபதி மரபில் வந்த கல்லூரி தரும் முழு மருத்துவப் பட்டத்தைக் குறிக்கும். போதாக்குறைக்கு, எம்.டி. என்பது நமக்கு மேற்படிப்பு. இங்கே அதுதான் அடிப்படைப் பட்டம். இரு பட்டக்காரர்களும் ஐம்பது மாநிலங்களிலும் ஒரே உரிமையோடு மருந்து எழுதலாம், அறுவை செய்யலாம், எந்தத் துறையிலும் சிறப்புப் பயிற்சி பெறலாம் என்று மாமனாருக்கு விளக்கினேன். "எல்லாம் ஒண்ணுன்னா எதுக்கு ரெண்டு பேரு?" என்று அவர் திருப்பிக் கேட்டதற்கு அன்று என்னிடம் விடை இல்லை. மகள் அவசர மருத்துவத்தில் ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சிக்கான இடம் தேடி அலைந்த காலத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகே அந்த விடையில் ஒரு பகுதியாவது எனக்குப் பிடிபட்டது.

ஆஸ்டியோபதியைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். போதகர் ஒருவரின் மகன். மருத்துவம் பார்த்தவர். 1864இல் மூளைக்காய்ச்சலுக்குத் தம் பிள்ளைகள் மூவரைப் பறிகொடுத்தார். பாதரசக் கலவைகளை மருந்தென்று ஊட்டிய காலம் அது. அந்த மருத்துவத்தின் மீதே நம்பிக்கை இழந்த ஸ்டில், எலும்பும் தசையும் நரம்பும் குருதியோட்டமும் ஒன்றோடொன்று பிணைந்தவை, அந்தக் கட்டமைப்பைக் கையால் சீர்செய்தால் உடல் தன்னைத்தானே தேற்றிக்கொள்ளும் என்ற கொள்கையை 1874இல் அறிவித்தார். 1892இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் முதல் கல்லூரியைத் திறந்தார். காலப்போக்கில் அந்தக் கல்லூரிகள் மருந்தியலையும் அறுவையையும் முழுமையாக ஏற்றுக்கொண்டன. இன்றைய டி.ஓ. மாணவர் எம்.டி. மாணவர் படிக்கும் அனைத்தையும் படித்துவிட்டு, அதற்கு மேல் ஏறத்தாழ 200 மணி நேரம் கையால் செய்யும் சிகிச்சையையும் பயில்கிறார்.

அந்த 200 மணி நேரத்தில் ஒரு பகுதியை என் முதுகு அறியும். 2020 வசந்தத்தில் கொரோனாவால் கல்லூரியை மூடியபோது, மகள் மிச்சிகனில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு மடக்கு மேசையோடு வந்து சேர்ந்தாள். கூடத்தில் அதை விரித்து என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி, விரல் நுனியால் முதுகெலும்பின் இருபுறமும் ஒவ்வொரு கணுவாக இறங்கி வருவாள். "மூச்சை விடுங்கப்பா. நாலாவது விலா ஏறிக்கிட்டு நிக்குது." கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்ப்பவன் நான், அளக்க முடியாத எதையும் சந்தேகிப்பது என் பிழைப்பு. நான்காவது விலா எவ்வளவு ஏறியிருக்கிறது, எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, கழுத்துவலியோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 58 பேரைக் கொண்டு நடத்தி 2005இல் வெளியான ஓர் ஆய்வைப் படிக்கக் கொடுத்தாள். ஒரு பாதிக்கு வலிநிவாரண ஊசி, மறு பாதிக்குக் கைச் சிகிச்சை. ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டபோது கைச் சிகிச்சை பெற்றவர்களுக்கு வலியின் கடுமை கூடுதலாகக் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான். "எல்லாத்துக்கும் இது மருந்து இல்லப்பா. மாரடைப்போட வர்றவரைத் தடவிக்கிட்டா இருப்பாங்க?" என்று அவளே சொல்லிவிட்டாள். என் முதுகுவலி குறைந்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். அதே வாரம் மாத்திரையும் சாப்பிட்டேன் என்பதையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.

இரண்டு பெயர் எதற்கு என்ற கேள்விக்கு வரலாறு சொல்லும் விடை அவ்வளவு இனிமையானதல்ல. எம்.டி. மருத்துவர்களின் சங்கம் ஆஸ்டியோபதியைப் போலி மருத்துவம் என்று நெடுங்காலம் ஒதுக்கியது. இரண்டாம் உலகப் போரில் டி.ஓ.க்களை ராணுவம் மருத்துவ அதிகாரிகளாகச் சேர்க்கவில்லை; எம்.டி.க்கள் போர்முனைக்குப் போய்விட, ஊரில் தங்கிய டி.ஓ.க்களிடம் குடும்பங்கள் போகத் தொடங்கி, போர் முடிந்த பிறகும் அவர்களிடமே நின்றுவிட்டன என்பது வரலாற்றின் குறும்பு. கலிஃபோர்னியாவில் 1962இல் நடந்தது இன்னும் விசித்திரம். இரு சங்கங்களும் இணைந்து, ஒரு சிறு பயிற்சியும் 65 டாலர் கட்டணமும் முடித்த ஏறத்தாழ 2,000 டி.ஓ.க்களுக்கு எம்.டி. பட்டம் வழங்கின. நேற்று வரை போலி, இன்று 65 டாலரில் அசல். 1966இல் பாதுகாப்புச் செயலர் மெக்னமாரா ராணுவத்தின் கதவைத் திறந்தார். 1973இல் மிசிசிப்பி கடைசி மாநிலமாக முழு உரிமம் தந்தது.

அவசர மருத்துவமும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தது. 1960கள் வரை அமெரிக்க மருத்துவமனைகளின் அவசர அறையில் பயிற்சி மருத்துவரோ, முறை வைத்து அனுப்பப்பட்ட தோல் மருத்துவரோ, யார் அன்று அகப்பட்டாரோ அவர் இருப்பார். 1961இல் வர்ஜீனியாவின் அலெக்ஸாண்ட்ரியாவில் ஜேம்ஸ் மில்ஸ் என்பவரும் வேறு சில மருத்துவர்களும் சொந்த மருத்துவத்தை விட்டுவிட்டு முழுநேரமும் அவசர அறையிலேயே பணிபுரிய முன்வந்தனர். 1968இல் அவசர மருத்துவர்களுக்கான சங்கம் எங்கள் மிச்சிகனின் லான்சிங் நகரில் உருவாயிற்று. 1970இல் சின்சினாட்டி பல்கலைக்கழகம் முதல் ரெசிடென்சியைத் தொடங்கியது. 1979இல்தான் இதைத் தனித் துறையென்று மற்றத் துறைகள் ஒப்புக்கொண்டன. டி.ஓ.க்கள் தங்களுக்கென்று ஓர் அவசர மருத்துவச் சங்கத்தை அதற்கு முன்பே, 1975இல், அமைத்துவிட்டார்கள். ஒதுக்கப்பட்ட பட்டக்காரர்களும் ஒதுக்கப்பட்ட துறையும் ஒன்றையொன்று கண்டுகொண்டதில் எனக்கு வியப்பில்லை. குடும்ப மருத்துவம், பொது மருத்துவம் ஆகியவற்றோடு அவசர மருத்துவமும் இன்று டி.ஓ. பட்டதாரிகள் மிகுதியாகச் சேரும் துறைகளில் ஒன்று.

மகள் இந்தத் துறையைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்த வரலாறு எதுவும் காரணமில்லை. மூன்றாம் ஆண்டில் ஒரு சிறு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் நின்ற முதல் இரவிலேயே முடிவு செய்துவிட்டாள். யார் வந்தாலும் பரிசோதிக்காமல் அனுப்பக் கூடாது என்று 1986 முதல் சட்டம் இருக்கிறது. காப்பீடு இருக்கிறதா என்ற கேள்வி அங்கே பின்னால்தான் வரும். அது அவளுக்குப் பிடித்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. இரவுப் பணி, குடிபோதையில் வருபவர்கள், வன்முறை என்று ஒரு தகப்பன் அடுக்கும் அத்தனையையும் அடுக்கினேன். பலிக்கவில்லை.

முந்தைய தலைமுறை டி.ஓ. மாணவர்களுக்கு இந்தத் துறையில் இடம் பெறத் தனிப்பாதை ஒன்று இருந்தது. ஆஸ்டியோபதி மருத்துவமனைகள் தங்களுக்கென்று ரெசிடென்சிகளை நடத்தின, அவற்றில் எம்.டி.க்கள் விண்ணப்பிக்க முடியாது. மாணவர், மருத்துவமனை இரு தரப்பின் தரவரிசைப் பட்டியல்களையும் பொருத்தி இடம் ஒதுக்கும் மேட்ச், அவற்றுக்குப் பிப்ரவரியிலேயே முடிந்துவிடும். அதில் இடம் கிடைத்தவர் மார்ச்சில் நடக்கும் பொது மேட்சிலிருந்து தானாகவே நீக்கப்படுவார். கையில் இருப்பதை எடுத்துக்கொள்வதா, பெரிய சந்தைக்குக் காத்திருப்பதா என்ற சூதாட்டம் ஆண்டுதோறும் நடந்தது. 2014இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 2015 முதல் 2020க்குள் எல்லா ரெசிடென்சிகளும் ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் வந்தன. பழைய ஆஸ்டியோபதி மேட்ச் 2019 தொடக்கத்தில் கடைசியாக நடந்தது. சில சிறிய ரெசிடென்சிகள் புதிய விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் மூடப்பட்டன. தப்பியவற்றின் கதவு எம்.டி.க்களுக்கும் திறந்தது. இதைச் சமத்துவம் என்று அன்றைக்கு எல்லாரும் கொண்டாடினார்கள். ஒரே வரிசையில் நிற்கலாம் என்பது உண்மைதான். ஆனால் வரிசைக்கு வந்து சேரும் சாலை எல்லாருக்கும் ஒன்றாக இல்லை.

முதல் வேறுபாடு உரிமத் தேர்வில். டி.ஓ. மாணவர்கள் எழுத வேண்டியது காம்லெக்ஸ், எம்.டி. மாணவர்கள் எழுதுவது யு.எஸ்.எம்.எல்.இ. காம்லெக்ஸ் மட்டுமே உரிமத்துக்குப் போதும். ஆனால் அதன் மதிப்பெண் ஓர் அளவில், மற்றதன் மதிப்பெண் வேறோர் அளவில். காம்லெக்ஸ் முதல் நிலையில் 400 எடுத்தால் தேர்ச்சி, அன்றைய யு.எஸ்.எம்.எல்.இ.யில் 194. ஆயிரம் விண்ணப்பங்களைப் புரட்டும் ஒரு ரெசிடென்சி இயக்குநர், 520 என்ற எண்ணை வைத்துக்கொண்டு அது நல்லதா கெட்டதா என்று யோசிக்க நேரம் செலவிடுவாரா? ஆகவே டி.ஓ. மாணவர்களில் பலர் சில வார இடைவெளியில் இரண்டு தேர்வுகளையும் எழுதுகிறார்கள். என் மகளும் 2021 கோடையில் எழுதினாள். ஒரே உதிரிபாகத்தை இரண்டு கருவிகளால் அளந்து இரண்டு சான்றிதழ் கேட்கும் வாடிக்கையாளர் எங்கள் தொழிலிலும் உண்டு; அங்கே இரண்டாவது அளவைக்குப் பணம் கட்டுபவர் வாடிக்கையாளர். இங்கே கட்டியது நான். 2022 முதல் இரு தேர்வுகளின் முதல் நிலையும் தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டுமே அறிவிக்கப்படுவதால் சுமை ஓரளவு இரண்டாம் நிலைக்கு நகர்ந்திருக்கிறது.

தேர்வைப் பணத்தாலும் தூக்கமின்மையாலும் சமாளித்துவிடலாம். ஸ்லோயியை அப்படிச் சமாளிக்க முடியாது. அவசர மருத்துவத்துக்கே உரிய பரிந்துரைக் கடிதம் இது. ஆனால் கடிதம் என்று சொல்வது பொருந்தாது. "இம்மாணவர் கடின உழைப்பாளி" என்று யாரோ ஒருவர் எழுதித் தரும் தாள் அல்ல. அவசர மருத்துவ ரெசிடென்சி நடத்தும் ஒரு துறையில் மாணவர் நான்கு வாரம் பணி செய்ய வேண்டும். அந்தத் துறையின் ஆசிரியர்கள் கூடிப் பேசி, தாங்கள் அந்த ஆண்டு பார்த்த மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு, மேல் பத்து விழுக்காடா, மேல் மூன்றிலொரு பங்கா, நடுவா, கீழா என்று கட்டத்தில் குறிக்க வேண்டும். தனக்கு என்ன குறித்தார்கள் என்பது மாணவருக்குத் தெரியாது; பார்க்கும் உரிமையை வழக்கமாக முன்கூட்டியே விட்டுக்கொடுத்திருப்பார். நேர்காணலுக்கு யாரை அழைப்பது என்று முடிவெடுக்கும்போது இயக்குநர்கள் முதலில் புரட்டுவது இந்தத் தாளைத்தான் என்று மகளின் ஆசிரியர்கள் எல்லாரும் ஒருவாய்ப்படச் சொன்னார்கள்.

எனக்கு இந்த முறை மிகவும் பிடித்திருந்தது என்பதை ஒளிக்க மாட்டேன். தேர்வு மதிப்பெண்ணைவிடப் பணியிடத்தில் நான்கு வாரம் பார்த்து எழுதும் ஒப்பீடு நேர்மையானது. சிக்கல் எங்கே என்றால், பெரிய பல்கலைக்கழகத்தின் எம்.டி. மாணவருக்கு முதல் ஸ்லோயி சொந்த வீட்டிலேயே கிடைத்துவிடும்: அவருடைய கல்லூரியின் மருத்துவமனையிலேயே அவசர மருத்துவ ரெசிடென்சி இருக்கும், அங்கே அவரை முதலாண்டிலிருந்து பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியர் இருப்பார். டி.ஓ. கல்லூரிகளில் பல, மருத்துவர் பற்றாக்குறை உள்ள சிற்றூர்களில், அந்தப் பற்றாக்குறையைப் போக்குவதற்கென்றே தொடங்கப்பட்டவை. அவற்றுக்குச் சொந்த மருத்துவமனை இருப்பதே அரிது. மூன்றாம் ஆண்டு வந்தவுடன் மாணவர்களைச் சுற்றுவட்டாரச் சிறு மருத்துவமனைகளுக்குப் பிரித்து அனுப்பிவிடுவார்கள். என் மகள் அறுவையை ஓர் ஊரிலும், மகப்பேற்றை அங்கிருந்து 90 மைல் தொலைவிலும், குழந்தை மருத்துவத்தை ஒரு தனி மருத்துவரின் கிளினிக்கிலும் படித்தாள். அங்கிருந்தவர்கள் நல்ல ஆசிரியர்கள். அவளுக்கு நிறையச் செய்யக் கொடுத்தார்கள். பெரிய மருத்துவமனையில் ஐந்தாவது ஆளாக எட்டிப் பார்த்திருக்க வேண்டிய பிரசவங்களை இங்கே முதல் ஆளாக நின்று பார்த்தாள். ஆனால் அவர்களில் எவராலும் ஸ்லோயி எழுத முடியாது. அவளை முதல் இரவில் ஈர்த்த அந்த அவசரப் பிரிவின் மருத்துவர், தாம் எழுதும் கடிதத்துக்கு ரெசிடென்சி உள்ள துறையின் எடை இருக்காது என்று அவரே சொல்லிவிட்டார்.

ஆகவே வீடில்லாத மாணவர் ஊர் ஊராகப் போய்க் கடிதம் சம்பாதிக்க வேண்டும். ஆடிஷன் ரொட்டேஷன் என்றே இதற்குப் பெயர்; நடிக்க வந்தவர்களுக்குச் சொல்வது போலத்தான். 2022 ஜூலையிலும் ஆகஸ்டிலும் இரண்டு மாநிலங்களில் இரண்டு மருத்துவமனைகள். இணையத்தில் பிடித்த வாடகை அறை, பழைய கொரோலா, அரிசிக் குக்கர் ஒன்று. முதல் மருத்துவமனைக்கு அவளைக் கொண்டுபோய் விட்டபோது நானும் இரண்டு நாள் தங்கினேன். முதல் பணி முடிந்து இரவு பதினொன்றுக்கு வந்தவள், சோற்றில் தயிரைப் பிசைந்தபடியே அழுதாள். உள்ளங்கை கிழிந்த ஒருவருக்குத் தையல் போடச் சொன்னார்களாம். போடத் தெரியும், கைகூடாது என்ற பயமும் இல்லை. தையல் சாமான் வைத்திருக்கும் அறை எது, அதன் கதவுப் பூட்டைத் திறக்க என்ன எண், உள்ளே 5-0 அளவு நைலான் நூல் எந்த இழுப்பறையில் என்று தெரியாமல் பத்து நிமிடம் அலைந்திருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால், அதே மருத்துவமனையின் கல்லூரியில் படிக்கும் மாணவன் ஒருவன் தையலைப் பாதி முடித்திருந்தான். அவனும் கெட்டவன் அல்லன். நோயாளி காத்திருந்தார், இவளைக் காணவில்லை, போட்டான். கணினி வேறு, அவள் பழகியிராத மென்பொருள். "நான் மெதுவான ஆளுன்னு நினைச்சிருப்பாங்கப்பா" என்றாள்.

நான்கு வார ஆடிஷனில் முதல் ஒன்றரை வாரம் இழுப்பறை தேடுவதிலேயே போய்விடுகிறது என்றால், எஞ்சிய நாள்களில் ஒருவர் மேல் மூன்றிலொரு பங்குக்கு எப்படி ஏறுவார்? டி.ஓ. என்ற பட்டத்தைப் பார்த்து முகம் சுளித்தவர் எவரையும் அந்த ஆண்டு முழுவதும் அவள் சந்திக்கவில்லை; நேர்காணல்களில் "ஏன் ஆஸ்டியோபதி?" என்ற கேள்வி வந்தது, பதில் சொன்னாள், அடுத்த கேள்விக்குப் போனார்கள். அவளுக்குக் குறைவாக இருந்தது அறிவோ மரியாதையோ அல்ல, சாமான் அறையின் கதவு எண். இரு அமைப்புகளையும் ஒன்றாக்கிய உடன்பாட்டுத் தாளில் இதற்கு ஒரு வரி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்து நடந்ததை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. 2021 ஏப்ரலில் அவசர மருத்துவர் சங்கம் வெளியிட்ட கணிப்பு ஒன்று, 2030இல் இத்துறையில் ஏறத்தாழ 8,000 மருத்துவர்கள் தேவைக்கு மேல் மிஞ்சுவார்கள் என்றது. புதிய ரெசிடென்சிகள் மளமளவென்று திறக்கப்பட்டுக்கொண்டிருந்த நேரம். அதோடு கொரோனாக் காலக் களைப்பு, மேலே படுக்கை கிடைக்காமல் அவசரப் பிரிவின் நடைபாதையிலேயே நாள்கணக்கில் கிடக்கும் நோயாளிகள், லாபம் பார்க்கும் நிறுவனங்களின் கைக்குப் போன பணியமர்த்தல் எல்லாம் சேர, மாணவர்கள் வேறு துறைகளுக்குத் திரும்பினார்கள். 2021 மேட்சில் நிரம்பாமல் நின்ற அவசர மருத்துவ இடங்கள் 14. 2022இல் அது 219. என் மகள் விண்ணப்பித்த 2023இல், ஏறத்தாழ 3,000 இடங்களில் 554 நிரம்பவில்லை.

2023 மார்ச் 13, திங்கள்கிழமை. இடம் உண்டா இல்லையா என்பது மட்டும் அன்று தெரியும். எங்கே என்பது வெள்ளி நண்பகலில்தான். உண்டு என்று மின்னஞ்சல் வந்ததும் என் மனைவி சுவாமி விளக்கை ஏற்றினாள். நான் தொழிற்சாலையில் கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை தெரிந்த மருத்துவமனை, அவள் தரவரிசைப் பட்டியலில் மூன்றாவதாக எழுதியது. ஆடிஷன் செய்த இரண்டும் இல்லை.

அந்த 554 என்ற எண்ணை நான் இன்றும் நிம்மதியோடு பார்க்க முடிவதில்லை. அந்த ஆண்டும் அதையடுத்தும் டி.ஓ. பட்டதாரிகள் இத்துறையில் பெருமளவில் இடம்பெற்றதைத் தடை உடைந்ததற்கான சான்றாகச் சிலர் காட்டுகிறார்கள். கூட்டம் குறைந்த பேருந்தில் உட்கார இடம் கிடைத்ததை அப்படிக் கொண்டாட முடியுமா? 2024இல் நிரம்பாத இடங்கள் 135 ஆகச் சுருங்கின. எம்.டி. மாணவர்கள் முன்புபோலத் திரும்பி வந்தால், வீடில்லாத மாணவர் மறுபடி நின்றுகொண்டு பயணம் செய்ய வேண்டியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. இதை மகளிடம் சொன்னபோது, "இடத்துல உக்காந்தாச்சுல்ல, விடுங்கப்பா" என்றாள். விட எனக்கு மனமில்லை, அவளுக்கு நேரமில்லை.

இடையில் இன்னொரு வேடிக்கை. பழைய ஆஸ்டியோபதி அவசர மருத்துவ ரெசிடென்சிகள் நான்காண்டு நீண்டவை. இரண்டு அமைப்புகளும் இணைந்தபோது, மூன்றாண்டில் முடிப்பதை நான்காக்கி வைத்திருக்கிறார்களே என்று கேலி செய்தவர்கள் உண்டு. 2025 பிப்ரவரியில் அங்கீகார அமைப்பு, அவசர மருத்துவம் முழுவதையும் நான்காண்டாக்கலாம் என்று முன்மொழிந்தது. மகளின் இடம் மூன்றாண்டு. "தப்பிச்சேன்" என்றாள்.

இப்போது அவளுக்கு மூன்றாம் ஆண்டு. மாமனார் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் தம் கண்புரையைப் பற்றி அவளிடம் யோசனை கேட்கிறார். தெரிந்தே கேட்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவளும் திருத்துவதை விட்டுவிட்டு, "சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுங்க தாத்தா" என்கிறாள்.

சென்ற ஆகஸ்டில் அவளைப் பார்க்கப் போயிருந்தோம். சாப்பாட்டு மேசையில் ஒரு தாள் கிடந்தது. கையால் வரைந்த கட்டங்கள், அம்புக்குறிகள், ஓரங்களில் பொடி எழுத்து. வீட்டு வரைபடமோ என்று எடுத்துப் பார்த்தேன். வெளிக் கல்லூரிகளிலிருந்து நான்கு வார ஆடிஷனுக்கு வரும் மாணவர்களுக்கு முதல் நாளே கொடுப்பதற்காக வரைந்ததாம். சாமான் அறை, அதன் எந்தச் சுவரில் எந்த அலமாரி, 5-0 நைலான் மேலிருந்து மூன்றாவது இழுப்பறை, அல்ட்ராசவுண்ட் ஜெல் தீர்ந்தால் எங்கே எடுப்பது, இரவு இரண்டு மணிக்குக் காபி எங்கே கிடைக்கும். கதவு எண்ணுக்கான இடம் மட்டும் வெற்றாக இருந்தது. ஏன் என்றேன்.

"அதைத் தாள்ல எழுதக் கூடாதுப்பா. நானே கூட்டிட்டுப் போய்க் காட்டுவேன்" என்றாள்.